பட்டனில் ‘வாங்கு’, உள்ளே வாடகை: காசு கொடுத்த ஆட்டம் யாருக்குச் சொந்தம்?

பத்திரக்காரர் மகன்:

அப்பாவுக்கு 72 வயது. முப்பது வருடத்துக்கு மேல் சார்பதிவாளர் அலுவலக வாசலில் உட்கார்ந்து பத்திரம் எழுதியவர். ஓய்வுக்குப் பிறகு டேப்லெட்டில் செஸ் ஆடுவது பழக்கமாகிவிட்டது. நடுவில் விளம்பரம் வந்து தொல்லை செய்கிறது என்றார். நாலு வருடம் முன்பு 420 ரூபாய் கட்டி முழுப் பதிப்பை வாங்கிக் கொடுத்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், சின்ன கம்பெனிதான். இன்று அவர்களே எங்கே இருக்கிறார்களோ.

போன மாதம் ஒரு காலையில் காபி டம்ளரோடு உட்கார்ந்தவர், “டேய், குதிரை யானை ஒண்ணையும் காணோம்” என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் வெள்ளைத் திரையில் ஒரே வரி. இந்தச் சேவை நிறுத்தப்பட்டது, அவ்வளவுதான். அவர் ஆடுவது கணினியோடு மட்டும். மறுபக்கம் ஆள் கிடையாது, இணையமே தேவையில்லை. ஆனாலும் செயலியைத் திறக்கும்போதெல்லாம் எங்கோ இருக்கும் கம்பெனிக் கணினியிடம், அதாவது சர்வரிடம், ‘இவரை உள்ளே விடலாமா’ என்று கேட்கும்படி செய்து வைத்திருக்கிறார்கள். சர்வர் போனதும் கதவைத் திறக்க ஆள் இல்லை.

அப்பா கோபப்படவில்லை. வீட்டுக் கணக்கு நோட்டை எடுத்து வந்து ஒரு பக்கத்தைக் காட்டினார். அவர் கையெழுத்தில், பத்திர எழுத்துக்கே உரிய அந்த நீட்டலோடு: “சதுரங்கம், ரூ. 420, கிரயம்.” அப்புறம் கேட்டார்: “கிரயம் ஆன சொத்துக்குள்ள வித்தவன் எப்படிடா வந்து பூட்டுப் போடுவான்? அப்ப இது என்ன பத்திரம்?”

நிபந்தனைகளைத் தேடிப் படித்தேன். எங்குமே விற்பனை என்ற பேச்சே இல்லை. உரிமம்தான், எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். “இது லைசென்ஸ்தாம்பா” என்றேன். “அப்ப பட்டன்ல ஏன் வாங்குன்னு போட்டிருந்தான்?” என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

வட்டுப்பிரியன்:

உங்கள் அப்பா கேட்டதைத்தான் ஐரோப்பாவில் பத்து லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டுக் கேட்டிருக்கிறார்கள்.

‘தி க்ரூ’ என்று ஒரு கார் பந்தய ஆட்டம். யூபிசாஃப்ட் என்ற கம்பெனி 2014 டிசம்பரில் வெளியிட்டது. அமெரிக்காவையே சுருக்கி ஒரே வரைபடமாக்கியிருப்பார்கள். நியூயார்க்கில் வண்டியை எடுத்தால் நிறுத்தாமல் லாஸ் ஏஞ்சலிஸ் வரை ஓட்டலாம். கூட ஆள் இல்லாமல் தனியாகவும் ஓட்டலாம், ஆனால் இணையம் இல்லாமல் முடியாது. 2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தினார்கள். 2024 மார்ச் 31 அன்று சர்வரை அணைத்தார்கள். கடையில் டிஸ்க் வாங்கியவர்கள் அதை இனி காபி டம்ளருக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். அதோடும் விடவில்லை. அடுத்த மாதம் கணினியில் வாங்கியவர்களின் கணக்கிலிருந்து உரிமத்தையே எடுத்துவிட்டார்கள். வீட்டை இடித்தது போதாதென்று பட்டாவிலும் பெயரை அடித்த கதை.

இதைப் பார்த்து ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் தொடங்கியதுதான் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம். பலர் தப்பாகச் சொல்வதுபோல், சர்வரைக் காலம் முழுக்க ஓட்டு என்று அவர் கேட்கவில்லை. கடையை மூடிக்கொண்டு போகும்போது, வாங்கியவன் ஏதோ ஒரு வகையில் ஆடும்படி விட்டுவிட்டுப் போ என்கிறார். ஐரோப்பிய ஒன்றியத்தில் குடிமக்கள் மனு கணக்கில் வர ஒரு வருடத்துக்குள் 10 லட்சம் கையெழுத்து வேண்டும். 2025 ஜூலையில் அதைத் தாண்டி, கெடு முடியும்போது 14 லட்சத்துக்கு மேல் வந்தது. பிரிட்டனில் தனியாக ஒரு மனு லட்சம் கையெழுத்தைக் கடந்து, 2025 நவம்பரில் நாடாளுமன்றத்தில் விவாதமே நடந்தது. சட்டத்தை மாற்றும் எண்ணம் இல்லை என்று அரசு கைவிரித்தது வேறு விஷயம்.

கொக்கி:

எல்லோரும் ஒப்பாரி வைக்கும் முன் ஒரு கணக்கு. அந்த ஆட்டம் ஒன்பது வருடத்துக்கு மேல் ஓடியது. ஒருவர் இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து முதல் நாளே வாங்கியிருந்தால் மாதத்துக்கு இருபது ரூபாய்கூட ஆகவில்லை. டீயும் வடையும் அதைவிட அதிகம். நிபந்தனையில் தெளிவாக எழுதியிருக்கிறான், நாம்தான் படிக்காமல் ‘சம்மதம்’ அழுத்துகிறோம். சினிமாவுக்கு டிக்கெட் எடுத்தால் சீட்டைக் கழற்றிக்கொண்டா வருகிறோம்?

மதுரைக்காரி:

> சினிமாவுக்கு டிக்கெட் எடுத்தால்

டிக்கெட்டில் காட்சி நேரம் அச்சடித்திருக்கும் சார். பஸ் பாஸில் முடியும் தேதி இருக்கும். ஊறுகாய் பாட்டிலில்கூட இருக்கிறது. இதில் எங்கே இருக்கிறது?

உங்கள் கணக்கு முதல் நாள் வாங்கியவருக்குச் சரி. 2023 நவம்பரில் தள்ளுபடியில் வாங்கியவருக்கு நாலு மாதம்தான் கிடைத்தது. அவருக்கும் அதே பட்டன், அதே சொல். ‘தி க்ரூ’வை மூடியதற்காக அமெரிக்காவில் இரண்டு பேர் வழக்குப் போட்டார்களே, அவர்கள் காட்டிய ஆதாரங்களில் ஒன்று பெட்டிக்குள் இருந்த குறியீடு. அது 2099 வரை செல்லும் என்று போட்டிருந்ததாம். கம்பெனி தரப்பு, அவர்கள் வாங்கியது உரிமத்தை மட்டும்தான் என்று வாதாடியது. 2099 என்று அச்சடித்தவருக்கும் வக்கீலுக்கும் பேச்சுவார்த்தை இல்லை போலிருக்கிறது.

பத்திரக்காரர் மகன்:

இதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். “வாடகைன்னா மாசா மாசம் கொடுக்கணும். குத்தகைன்னா காலம் எழுதணும். ஒத்தின்னா காலி பண்றப்ப கொடுத்த பணம் முழுசாத் திரும்பி வரணும். இவன் மொத்தமா வாங்கிக்கிறான், காலம் எழுத மாட்டேங்கிறான், காலி பண்றப்ப பணமும் தர மாட்டேங்கிறான். இப்படி ஒரு பத்திரத்தை நான் என் சர்வீஸ்ல எழுதினதே இல்லை” என்றார்.

வட்டுப்பிரியன்:

ஒத்தி! அப்பாவை இந்த விவாத இழைக்குத் தலைவராகப் போடலாம்.

ஒத்தி மாதிரி நடந்த கதையும் ஒன்று உண்டு. சோனி 2024 ஆகஸ்ட் 23 அன்று ‘கான்கார்ட்’ என்ற துப்பாக்கி ஆட்டத்தை வெளியிட்டது. ஆள் சேரவில்லை. செப்டம்பர் 6 அன்று மூடிவிட்டார்கள். வாங்கிய எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ரெண்டே வாரம் என்பதால் கொடுத்தார்கள், பத்து வருடம் கழித்து யார் கொடுப்பார்?

பேக்எண்ட் பாண்டி:

நான் மறுபக்கத்து ஆள். மொபைல் ஆட்டங்களுக்கு சர்வர் வேலை பார்க்கிறேன், எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள்.

சர்வர் என்றதும் மூலையில் உறுமிக்கொண்டு ஒரு பெட்டி, அதை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் என்ன என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. உள்நுழைவுக்கு ஒன்று, யாரிடம் என்ன பொருள் இருக்கிறது என்று கணக்கு வைக்க ஒன்று, ஜோடி சேர்க்க ஒன்று, பணத்துக்கு ஒன்று, ஏமாற்றுகிறவனைப் பிடிக்க ஒன்று. நாங்கள் ஓட்டிய ஒரு சாதாரண ஆட்டத்துக்கே பதினேழு தனித்தனிச் சேவைகள் இருந்தன. அதில் நாலு வெளியாட்களிடம் காசுக்கு எடுத்தவை. அவற்றை இன்னொருவருக்குக் கொடுக்க எங்களுக்கே உரிமை கிடையாது. இதையெல்லாம் கழற்றி ஒரு வீட்டுக் கணினியில் ஓடும்படி செய்ய ஆறு மாதம், நாலைந்து பேர். வருமானம் இல்லை என்றுதான் மூடுகிறார்கள், அந்தச் சம்பளத்தை யார் கொடுப்பது?

ஒரு ஆட்டத்தை மூடியபோது கடைசி இரவு எனக்குத்தான் டியூட்டி. பன்னிரண்டு மணிக்கு அணைக்க வேண்டும். பதினொன்றே முக்காலுக்கு 41 பேர் உள்ளே இருந்தார்கள். பன்னிரண்டு ஆனபோது 38 பேர். யாரும் ஆடவில்லை. காத்திருக்கும் அறையில் எல்லோரும் வந்து நின்று குதித்துக்கொண்டிருந்தார்கள், அங்கே குதிக்க மட்டும்தான் முடியும். நான் ஐந்து நிமிடம் தாமதமாக அணைத்தேன். மறுநாள் மேனேஜர் கேட்டார், நெட் ஸ்லோ என்று சொன்னேன்.

சரி, இதைச் சொன்னதால் உங்கள் அப்பாவின் செஸ்ஸுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே நடப்பது ஒரே ஒரு விசாரிப்பு. அதை எடுத்துவிட்டுக் கடைசியாக ஒரு அப்டேட் விட ஒரு மத்தியானம் போதும். அந்த மத்தியானத்தை ஒதுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

மதுரைக்காரி:

பாண்டி அண்ணா, கடைசியில் கழற்றுவதால்தானே ஆறு மாதம்? ஆட்டத்தைக் கட்டும்போதே, ஒருநாள் இதை மூடுவோம் என்று நினைத்துக் கட்டினால்? வீடு கட்டும்போதே தண்ணிக் குழாய்க்கு வழி விட்டால் பிறகு சுவரை உடைக்க வேண்டாமே.

பேக்எண்ட் பாண்டி:

முதலிலேயே திட்டமிட்டால் செலவு குறையும், மறுக்கவில்லை. செய்து காட்டியவர்களும் இருக்கிறார்கள். ‘நாக்கவுட் சிட்டி’ என்று பந்தை எறிந்து ஆடும் ஆட்டம். 2023 ஜூனில் சர்வரை மூடும்போது, நீங்களே சர்வர் வைத்து ஆடிக்கொள்ளுங்கள் என்று கணினிக்குத் தனிப் பதிப்பைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இன்னும் பழைய கதை வேண்டுமென்றால் ‘டூம்’. 1993 ஆட்டம். 1997இல் அதன் மூல நிரலையே, அதாவது ஆட்டத்தை எழுதிய கட்டளை வரிகளையே, அதைச் செய்த ‘ஐடி சாஃப்ட்வேர்’ கம்பெனி வெளியிட்டது. அதனால்தான் கால்குலேட்டர், பிரிண்டர் என்று கண்ணில் பட்டதிலெல்லாம் யாராவது டூமை ஓடவிட்டுக் காட்டுகிறார்கள்.

முதலாளிகள் கேட்பதில்லை என்பதுதான் பிரச்சினை. வெளியீட்டுத் தேதிக்கு ஓடும்போது, முடிவு நாளைப் பற்றிப் பேசுபவனை அபசகுனம் பிடித்தவன் மாதிரி பார்ப்பார்கள்.

வக்கீல் குமாஸ்தா:

‘வாங்கு’ என்ற சொல்லுக்கு வருவோம், இந்த இழையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. கேலிபோர்னியாவில் 2024 செப்டம்பரில் ஏபி 2426 என்ற சட்டம் கையெழுத்தாகி, 2025 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. திரும்பப் பெறக்கூடிய உரிமத்தை விற்கும்போது ‘வாங்கு’ போன்ற சொல்லைச் சும்மா போடக்கூடாது, இது உரிமம்தான் என்று வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நிரந்தரமாக இறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாமல் பயன்படுத்தக்கூடியவற்றுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஸ்டீம் என்ற இணைய ஆட்டக் கடை 2024 அக்டோபரிலேயே பணம் கட்டும் பக்கத்தில் உரிமம் என்று ஒரு வரி சேர்த்துவிட்டது. ஜிஓஜி கடை அதைச் சாக்காக வைத்து, எங்களிடம் வாங்கினால் நிறுவும் கோப்பே உங்கள் கையில், யாரும் பிடுங்க முடியாது என்று விளம்பரம் செய்துகொண்டது. ஆக, சட்டம் கேட்டது லேபிளை மட்டும். பாட்டிலுக்குள் என்ன இருக்கிறதோ அது அப்படியேதான் இருக்கிறது.

நம் ஊர் சட்டத்தில் சுவாரசியமான இடம் ஒன்று உண்டு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 52. முறையாக வைத்திருக்கும் மென்பொருளுக்கு, தொலைந்து போனாலோ கெட்டுப் போனாலோ உதவும் என்று காப்பி எடுத்து வைப்பது மீறல் ஆகாது. சொந்த உபயோகத்துக்கு, வியாபாரம் இல்லாமல், முறையாகப் பெற்ற பிரதியிலிருந்து காப்பி எடுக்கவும் இடம் தருகிறது. 2012 திருத்தத்தில் 65ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். காப்பி எடுக்க முடியாதபடி போட்ட டிஜிட்டல் பூட்டைப் பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால் இரண்டு வருடம் வரை சிறை, அபராதமும் உண்டு. ‘மீறும் நோக்கத்தோடு’ என்ற சொற்களைக் கவனியுங்கள். அமெரிக்கச் சட்டத்தில் பூட்டை உடைப்பதே தனிக் குற்றம், விதிவிலக்கு வேண்டுமென்றால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை போய்க் கேட்க வேண்டும். 2024 அக்டோபரில்கூட, விற்பனையில் இல்லாத பழைய ஆட்டங்களை ஆய்வாளர்கள் தூரத்திலிருந்து ஆடிப் பார்க்க நூலகங்கள் அனுமதி கேட்டன. பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது.

ஆனால் உங்கள் அப்பாவுக்கு இது எதுவும் உதவாது. அவரிடம் காப்பி இருக்கிறது. பதில் சொல்ல வேண்டிய சர்வர்தான் இல்லை.

ரிச்சி தெரு:

நான் சொல்லப்போவதற்கு திட்டு விழும் என்று தெரியும். 2008இல் வந்த ‘ஜிடிஏ 4’ ஆட்டத்தில் கார் ரேடியோ உண்டு. பாட்டுகளுக்குப் பத்து வருட உரிமம்தான் வாங்கியிருந்தார்கள். 2018இல் கெடு முடிந்ததும் அப்டேட் என்ற பெயரில் பல பாட்டுகளை எடுத்துவிட்டார்கள், காசு கொடுத்து வாங்கியவர்களின் பிரதியிலிருந்தும் சேர்த்து. விளாடிவோஸ்டாக் எஃப்எம் என்ற ரஷ்ய ஸ்டேஷனில் கிட்டத்தட்ட எல்லாமே மாறிப்போயிற்று. என் மாமாவின் பரணில், அந்தக் காலத்தில் நடைபாதையில் ஐம்பது ரூபாய்க்கு வாங்கிய திருட்டு டிஸ்க் இருக்கிறது. பேப்பர் உறை, மேலே ஸ்கெட்ச் பேனாவில் எழுத்து. போன தீபாவளிக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு பாட்டு குறையவில்லை.

ஒழுங்காக வாங்கியவனுக்குப் பாட்டு போயிற்று, திருட்டு டிஸ்க்காரனுக்கு எல்லாம் இருக்கிறது. இதில் யாரைக் குற்றம் சொல்வது?

பேக்எண்ட் பாண்டி:

ஐம்பது ரூபாயில் பாடினவருக்கும் ஒன்றும் போகவில்லை, ஆட்டம் செய்தவருக்கும் போகவில்லை. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். என் முதல் வேலையில் நாங்கள் செய்த ஆட்டம் வெளிவந்த மூன்றாம் நாள் டெலிகிராமில் ஓடியது. அந்தக் குழுவில் எட்டுப் பேர் இருந்தோம், அடுத்த வருடம் மூன்று பேர்.

ரிச்சி தெரு:

ஒப்புக்கொள்கிறேன் பாஸ். அன்று எங்களிடம் காசும் இல்லை, வாங்க ஒழுங்கான கடையும் இல்லை. இன்று இரண்டும் இருக்கிறது, வாங்குகிறேன். அதனால்தான் எரிச்சல் அதிகமாக வருகிறது.

வட்டுப்பிரியன்:

புத்தகத்திலும் இதே கூத்து நடந்தது. 2009 ஜூலையில் அமேசான், வாங்கியவர்களின் கிண்டில் என்ற மின்நூல் கருவிக்குள் போய் ஆர்வெல்லின் ‘1984’ பிரதிகளை அழித்தது. எல்லோரையும் கண்காணித்து, பழைய ஆவணங்களை அழிக்கும் அரசைப் பற்றிய நாவல் அது. விற்றவரிடம் உரிமை இல்லை என்பது காரணம். பணத்தைக் கொடுத்தார்கள், அப்போதைய அமேசான் தலைவர் ஜெஃப் பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். இத்தனை புத்தகம் இருக்க, அந்தப் புத்தகம்தான் கிடைத்ததா என்று உலகமே சிரித்தது. கேபிள் போட்டுப் புத்தகத்தைக் கணினியில் இறக்கி வைக்கும் வழி ஒன்று இருந்தது, அதையும் 2025 பிப்ரவரியில் மூடிவிட்டார்கள்.

மதுரைக்காரி:

எனக்கு இதில் பாரதிதான் ஞாபகம் வருகிறார். அவர் பாட்டுகளுக்கும் ஒரு காலத்தில் உரிமைக்காரர்கள் இருந்தார்கள். ஒலிப்பதிவு உரிமை ஏவி.எம். செட்டியாரிடம் இருந்தது, இன்னொருவர் படத்தில் ஒரு பாட்டு வந்ததற்கே தகராறு. 1949இல் ஓமந்தூரார் அரசு உரிமைகளை எடுத்துக்கொண்டது, செட்டியார் தன் பங்கைக் காசு வாங்காமல் கொடுத்தார். பிறகு எல்லோருக்கும் பொதுவாயிற்று. அதற்குப் பின் எத்தனை எழுத்தாளர்களை நாட்டுடைமை ஆக்கிவிட்டார்கள், வாரிசுகளுக்குப் பரிவுத்தொகையும் போகிறது. ஆட்டங்களுக்கு ஏன் அப்படி ஒன்று கூடாது? ஓட்ட மாட்டேன் என்கிறாயா, தொகையை வாங்கிக்கொண்டு கொடுத்துவிடு.

கொக்கி:

புத்தகத்தை நாட்டுடைமை ஆக்கினால் அச்சடித்தால் போதும். பாண்டி சொன்ன பதினேழு சேவைகளை எந்த அச்சகத்தில் அடிப்பீர்கள்? பழைய ஆட்டங்கள் பலவற்றுக்கு மூல நிரலே கம்பெனியிடம் இல்லை. ஆசிரியர் ஆயுளுக்குப் பிறகு 60 வருடம் என்று காத்திருந்தால், உரிமை முடியும் நாளில் கையில் இருப்பது தூசிதான்.

ஆனால் மதுரைக்காரி முதலில் சொன்ன ஊறுகாய் பாட்டில் என்னைக் கொஞ்சம் அசைத்துவிட்டது. தேதி போடட்டும். ‘குறைந்தது 2031 வரை ஓடும்’ என்று பட்டனுக்குக் கீழே ஒரு வரி. அதற்குப் பிறகு நான் வாங்கினால் அது என் தலையெழுத்து. சந்தாவில் அந்த நேர்மை இருக்கிறது, மாதம் கட்டினால் மாதம் ஆடு.

மதுரைக்காரி:

தேதி போட்டால் எத்தனை பேர் முழு விலை கொடுப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் போடுவதில்லை.

அமெரிக்காவில் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்கெடுத்தது. 2010க்கு முன் அங்கே வெளியான ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடையாது. பழைய கருவியைத் தேடிப் பிடிக்க வேண்டும், இல்லை ரிச்சி தெருவின் மாமா பரண்தான்.

வட்டுப்பிரியன்:

க்ரூவுக்கு ஒரு பின்கதை உண்டு. இத்தனை சத்தம் போட்ட பிறகு, 2024 செப்டம்பரில் யூபிசாஃப்ட் அடுத்த இரண்டு க்ரூ ஆட்டங்களுக்கும் இணையம் இல்லாமல் ஆடும் வழி தருவோம் என்று அறிவித்தது. முதல் ஆட்டத்துக்கு இல்லை. அதை ரசிகர்களே பார்த்துக்கொண்டார்கள். சர்வர் பேசியதைக் கூர்ந்து கவனித்து, அதே மாதிரி பதில் சொல்லும் போலி சர்வர் ஒன்றை எழுதி 2025இல் வெளியிட்டுவிட்டார்கள். சம்பளம் இல்லாமல்.

பாண்டி சொன்ன ஆறு மாதம், நாலைந்து பேர் என்ற கணக்கை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பேக்எண்ட் பாண்டி:

பார்த்தேன். அந்தப் பையன்கள் யாராவது வேலை தேடினால் சொல்லுங்கள்.

வக்கீல் குமாஸ்தா:

பத்திரக்காரர் மகனுக்கு: அப்பாவுக்கு செஸ்தான் வேண்டும் என்றால் ‘டிராய்ட்ஃபிஷ்’ என்ற செயலியைப் போட்டுக் கொடுங்கள். காசு இல்லை, விளம்பரம் இல்லை, இணையம் இல்லாமல் ஆடும். உள்ளே இருப்பது ‘ஸ்டாக்ஃபிஷ்’, மனிதர் யாரும் ஜெயிக்க முடியாத எஞ்சின், அதாவது செஸ் ஆடும் நிரல். பலத்தைக் குறைத்து வையுங்கள், இல்லையென்றால் அப்பாவுக்குக் கோபம் வரும்.

அதற்கும் உரிமம் உண்டு, ஜிபிஎல். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் வாங்குபவருக்கு மூல நிரலையும் அதே உரிமைகளையும் கொடுக்க வேண்டும். செஸ்பேஸ் என்ற ஜெர்மன் கம்பெனி இதை மதிக்காமல் விற்றது என்று 2021இல் ஸ்டாக்ஃபிஷ்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2022 நவம்பரில் சமரசம் ஆனது. அந்த எஞ்சின் நிரல் உள்ள சரக்குகளின் விற்பனையை அவர்கள் நிறுத்த வேண்டியதாயிற்று. இங்கே பதிப்புரிமைச் சட்டம், சரக்கை வாங்கியவன் பக்கம் நின்றது. உரிமம் என்றாலே பிடுங்கும் பத்திரம் இல்லை, யார் எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

பத்திரக்காரர் மகன்:

போட்டுக் கொடுத்துவிட்டேன். முதல் நாள் பலத்தைக் குறைக்க மறந்துவிட்டேன், பதினான்கு நகர்த்தலில் அப்பா காலி. “இவன் பழைய ஆள் இல்லை” என்றார். இப்போது குறைத்து வைத்திருக்கிறேன், அவரிடம் சொல்லவில்லை.

ஜிபிஎல் விஷயத்தை விளக்கினேன். நோட்டை எடுத்து, பழைய வரியில் ‘கிரயம்’ என்பதை ஒரே கோடாக அடித்துப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார், பத்திரத்தில் அடித்தல் திருத்தலுக்குப் போடுவதுபோல. புது வரி: “சதுரங்கம், ரூ. இல்லை, தானம். பிறருக்கும் கொடுக்கலாம்.”

ஒரு சந்தேகம். இந்த நிறுவும் கோப்பை நான் தனியாக எடுத்து வைக்க முடியுமா? டேப்லெட் மாற்றும்போது மறுபடி தேட வேண்டாம் என்கிறார்.

வட்டுப்பிரியன்:

எஃப்-டிராய்ட் என்ற இலவசச் செயலிக் களஞ்சியத்தில் தேடிப் பாருங்கள், ஏபிகே என்ற நிறுவும் கோப்பாகவே இறக்கலாம். இரண்டு இடத்தில் வையுங்கள். பென் டிரைவை மட்டும் நம்ப வேண்டாம்.